தாம்பரம்: கடைசி ஸ்டேஷனாகக் கட்டியது, நடு ஸ்டேஷனாகிவிட்டது

விடியற்காலை 5 மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். தென்மாவட்டத்திலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். எழும்பூர் வரை போகிற வண்டிதான், ஆனால் பெட்டியில் பாதிப் பேர் இங்கேயே இறங்கிவிடுவார்கள். கட்டைப்பை, அரிசி மூட்டை, தோளில் தூங்கும் குழந்தை, ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கு டின். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலம் ஏறும்போதே "பீச் வண்டி எத்தனாவது பிளாட்ஃபாரம்?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். அதே படியில் எதிர்ப்பக்கமாக இன்னொரு கூட்டம் இறங்கும். காலை ஷிப்டுக்குப் போகும் நர்ஸ்கள், துப்புரவுப் பணியாளர்கள், கூடையோடு பூக்காரம்மாக்கள். இவர்கள் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் ஊரிலிருந்து வீடு திரும்புகிறவர்கள். இரண்டு கூட்டமும் அந்தக் குறுகலான படிக்கட்டில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும்.

தாம்பரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் அந்தப் படிக்கட்டிலேயே இருக்கிறது. இது ஒரே பெயரில் இயங்கும் இரண்டு நிலையங்கள். ஒன்று புறநகர் மின்சார ரயிலுக்கானது. இன்னொன்று தென்மாவட்டங்களுக்குப் போகும் நீண்டதூர வண்டிகளுக்கானது. "பெருங்களத்தூர் தாண்டினதும் ஏன் நிறுத்திப் போடுறான்?" என்ற கேள்வி முதல் "செங்கல்பட்டு வண்டி ஏன் இவ்வளவு குறைச்சல்?" என்ற கேள்வி வரை பயணிகள் தினமும் கேட்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த இரட்டை வேலையில்தான் இருக்கிறது. இது எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

சென்னையிலிருந்து தெற்கே செங்கல்பட்டு, விழுப்புரம் என்று போகும் பாதையைப் போட்டது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் அது ஓடத் தொடங்கியது. ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதை. 1908இல் எழும்பூர் நிலையக் கட்டடம் திறக்கப்பட்டதும் தெற்கு நோக்கிய வண்டிகளுக்கு அதுவே தலைவாசல் ஆனது. தாம்பரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரியும் வயலும் குன்றும் சூழ்ந்த ஊர், அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே நகரம் கிடையாது. நல்ல காற்று இருந்தது. டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை இந்தப் பக்கம் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, ஓய்வு, சாப்பாடு, இவைதான் சிகிச்சை. இன்றைக்குத் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயரில் அந்தச் சானடோரியம் நிற்கிறது. தினமும் அந்த வழியே போகிற பலருக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர். ஒரு காலத்தில் மூச்சு வாங்குவதற்காக மனிதர்கள் நகரத்தை விட்டு வந்து சேர்ந்த இடம் அது.

சானடோரியம் தொடங்கிய அதே 1928இல்தான் சென்னைக் கடற்கரை (பீச்) நிலையத்திலிருந்து தாம்பரம் வரையான பாதையை மின்மயமாக்கும் வேலையும் தொடங்கியது. 1931 ஏப்ரல் 2ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி அதைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. இந்தியாவில் மின்சார ரயில் அதற்கு 6 ஆண்டு முன்பே, 1925இல், பம்பாயில் வந்துவிட்டது. ஆனால் அது அகலப்பாதை. மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது நாட்டிலேயே முதலில் நம் கடற்கரை–தாம்பரம் தடத்தில்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் ஒரு பெருமை வருகிறது.

மின்சார வண்டி அப்படி எதை மாற்றியது? நிலக்கரி வண்டிக்கு இன்ஜின் ஒரு முனையில் இருக்கும். கடைசி ஸ்டேஷனுக்கு வந்ததும் அதைக் கழற்றி, வேறு பாதையில் சுற்றிக்கொண்டு வந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி போட வேண்டும். மின்சார வண்டிக்குத் தனி இன்ஜினே கிடையாது. மோட்டார்கள் சில பெட்டிகளின் அடியிலேயே பிரித்துப் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். மோட்டார் பெட்டியும் இழுபடும் பெட்டிகளும் சேர்ந்தது ஒரு யூனிட். அப்படிப்பட்ட பல யூனிட்டுகளைக் கோத்தால் ஒரு வண்டி. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்து சக்கரம் சுற்றுவதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று கிளம்ப வேண்டிய புறநகர்ப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. இன்றும் வண்டி வந்து நின்றதும் மோட்டார்மேன் தன் பையை எடுத்துக்கொண்டு, 12 பெட்டி நீளத்துக்கு, அதாவது ஏறக்குறைய 250 மீட்டர், பிளாட்ஃபாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போவதைப் பார்க்கலாம். இன்ஜின் மாற்றும் வேலை முழுவதும் அந்த நடையாகச் சுருங்கிவிட்டது.

அப்படி ஓடும் வண்டிகளை ராத்திரியில் நிறுத்தவும் பழுது பார்க்கவும் ஒரு இடம் வேண்டும். கடற்கரைப் பக்கம் துறைமுகமும் ஜார்ஜ் டவுனும் நெருக்கிக்கொண்டிருந்தன. தாம்பரத்தில் நிலம் தாராளமாக இருந்தது. மின்சார வண்டிகளுக்கான கார் ஷெட் இங்கே வந்தது, ஊழியர்களுக்கு ரயில்வே காலனியும் வந்தது. ஆக, தாம்பரம் கடைசி ஸ்டேஷனாகவே திட்டமிடப்பட்டது. நகரம் இதற்கு மேல் வராது என்ற கணக்கில் போடப்பட்ட எல்லைக்கோடு என்று சொல்லலாம்.

நகரம் அந்தக் கணக்கை மதிக்கவில்லை. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து கிளம்பி, ஸ்டேஷனுக்குக் கிழக்கே சேலையூர்க் காட்டுக்குள் குடியேறியது. விமானப்படைத் தளம் வந்தது. 1984இல் சானடோரியம் அருகே ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. அப்புறம் மறைமலை நகர், காட்டாங்குளத்தூர் என்று, சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் முளைத்தன. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் காலி மனையாகக் கிடந்ததெல்லாம் வீடானது. வேலை நகரத்தில், வீடு ரயில் பாதையோரம் என்று ஒரு தலைமுறையே வாழ்ந்தது. அவர்களுக்குத் தாம்பரம் வண்டி என்பது சம்பளத்தில் கட்டுப்படியாகும் வாடகையைத் தேடிக் கொடுத்த வண்டி. 2021இல் தாம்பரம், பல்லாவரம் உட்பட 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது, ரயில் பாதை 90 ஆண்டுகளாக ஒட்டிவைத்திருந்த ஊர்களுக்கு அரசாணையும் ஒரு பெயர் கொடுத்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதற்கிடையே பாதையும் இரண்டு முறை அடியோடு மாறியது. முதல் மாற்றம் மின்சாரத்தில். 1931இல் போட்டது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். குறைந்த மின்னழுத்தத்தில் அதே சக்தியைக் கொடுக்க வேண்டுமென்றால் அதிக மின்னோட்டம் தேவை. அதற்குக் கனமான கம்பி வேண்டும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால் சமாளித்தார்கள். விழுப்புரம் வரை கம்பியை நீட்ட முடிவானபோது அது கட்டுப்படியாகாது. ஆகவே தாம்பரத்துக்குத் தெற்கே 1960களின் நடுவில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் போட்டார்கள். ஜப்பானிலிருந்து மீட்டர்கேஜ் மின்சார இன்ஜின்கள் வந்தன. கொஞ்ச காலம் வடக்கே ஒரு மின்சாரம், தெற்கே வேறொரு மின்சாரம், நடுவில் தாம்பரம் என்று இருந்தது. 1967 ஜனவரி 15ஆம் தேதி கடற்கரை–தாம்பரம் பகுதியும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது.

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது. 1990களில் தொடங்கிய அகலப்பாதை வேலை. ஓடும் வண்டியை நிறுத்தாமல் பாதையை மாற்ற வேண்டியிருந்ததால் பல ஆண்டுகள் மீட்டர்கேஜும் அகலப்பாதையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் பாலத்தின் மேலிருந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கம் ஒல்லியான தண்டவாளம், துரு ஏறிய நிறம். இன்னொரு பக்கம் புதிதாகக் கொட்டிய ஜல்லியின் மேல் அகலமாக, வெயிலில் பளபளவென்று. 2004 ஜூலை 1ஆம் தேதி இந்தத் தடத்தில் கடைசி மீட்டர்கேஜ் மின்சார வண்டி ஓடி முடிந்தது. அகலப்பாதைப் பெட்டி 3.66 மீட்டர் அகலம். பழைய பெட்டியை விட உள்ளே நிறைய இடம் கூடியது. வண்டிகளும் 9 பெட்டி, 12 பெட்டி என்று நீண்டன. அந்த அகலம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இன்றைய கூட்டத்தை நினைத்தே பார்க்க முடியாது.

அகலப்பாதை கொண்டுவந்த இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. தெற்கே போகும் எல்லாப் பாதைகளும் ஒவ்வொன்றாக அகலமானதும் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வண்டியைக் கொண்டுவந்து விடலாம் என்றானது. வண்டிகள் பெருகின. எழும்பூருக்கோ விரிய இடமில்லை. நீண்டதூர வண்டி ஒன்று பயணத்தை முடித்தால் போதாது. அதைக் கழுவ வேண்டும், அடியில் ஆள் இறங்கிச் சோதிக்கப் பள்ளம் வெட்டிய பாதை வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், அடுத்த பயணம் வரை நிறுத்தி வைக்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் இருந்த ஊர் மறுபடியும் தாம்பரம்தான். இப்படித்தான் சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்து மூன்றாவது முனையமாகத் தாம்பரம் உருவானது. முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகளோடு நாகர்கோவிலுக்குப் போகும் அந்த்யோதயா இங்கிருந்துதான் கிளம்புகிறது. ராத்திரி அதன் பிளாட்ஃபாரத்தில் வரிசையைப் பார்த்தால் தெரியும், டிக்கெட் கிடைக்காதவர்களுக்கும் காசு இல்லாதவர்களுக்கும் அந்த வண்டி எவ்வளவு பெரிய துணை என்று. 2023 ஏப்ரல் 8ஆம் தேதி தொடங்கிய செங்கோட்டை எக்ஸ்பிரஸ், சென்னைக்கு நேரடி வண்டியில்லாமல் பல காலம் காத்திருந்த பட்டுக்கோட்டை போன்ற ஊர்களைத் தொட்டுக்கொண்டு, திருவாரூர், காரைக்குடி வழியாகப் போகிறது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தபோது கூடவே தொடங்கி வைக்கப்பட்டதும் தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டிதான்.

சரி, இரட்டை வேலையின் சிக்கலுக்கு வருவோம். எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை 4 பாதைகள். இரண்டில் புறநகர் வண்டிகள், இரண்டில் எக்ஸ்பிரஸ்களும் சில ஃபாஸ்ட் லோக்கல்களும். தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வரை நீண்ட காலம் இருந்தது இரண்டே பாதை. மூன்றாவது பாதை முழுமையாக வந்தது 2022இல்தான். நான்கு வாய்க்கால் தண்ணீரை மூன்று வாய்க்காலில் திருப்பிவிடுகிற மடை தாம்பரம். அதனால்தான் கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பகுதி இங்கேயே திரும்பிவிடுகிறது. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வீடு வாங்கியவர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதும் அதனால்தான். இது யாருடைய அலட்சியமும் இல்லை. பாதையின் எண்ணிக்கை விதிக்கும் அளவு. ஆனால் அந்த எண்ணிக்கையை உயர்த்துவதில் நேர்ந்த தாமதம் உண்மையானது. அதன் விலையை, தினமும் அரை மணி நேரம் கூடுதலாக நின்று கொடுத்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். நான்காவது பாதைக்கு 2025இல் ஒப்புதல் கிடைத்திருப்பது அந்த வகையில் பெரிய நிம்மதி.

இன்னொன்று கிராஸிங். தாம்பரத்தில் முடியும் லோக்கல் திரும்பிப் போக எதிர்ப்பாதைக்கு மாற வேண்டும். செங்கல்பட்டுக்குத் தொடரும் லோக்கல் வேறு பாதையில் சேர வேண்டும். பராமரிப்புப் பாதையிலிருந்து வெளியே வரும் காலி எக்ஸ்பிரஸ் இவற்றையெல்லாம் குறுக்கே கடந்து தன் பிளாட்ஃபாரத்துக்குப் போக வேண்டும். ஒரு வண்டிக்கு வழி போட்டுக் கொடுத்தால் அதைக் குறுக்கிடும் வேறெந்த வழிக்கும் சிக்னல் விழாது. சிக்னல் அமைப்பே அப்படிப் பூட்டிக்கொள்ளும், விபத்தைத் தடுப்பதற்காக. பெருங்களத்தூர் தாண்டி வண்டி நின்று, உள்ளே எல்லோரும் ஜன்னலை எட்டிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் முன்னால் வேறொரு வண்டி குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்யத்தான் 2024 ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தாம்பரம் யார்டையே, அதாவது நிலையத்தைச் சுற்றியுள்ள தண்டவாள அமைப்பையே, மாற்றி அமைத்தார்கள். அந்த நாட்களில் பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே லோக்கல் வண்டி பெரும்பாலும் இல்லை. கடற்கரை வண்டி பல்லாவரத்தோடு திரும்பியது. செங்கல்பட்டுப் பக்கத்து வண்டி கூடுவாஞ்சேரியோடு நின்றது. நடுவில் கூடுதல் பஸ் விட்டார்கள், மெட்ரோவும் கூடுதலாக ஓடியது. அப்படியும் ஜி.எஸ்.டி. சாலை பிதுங்கியது. பல்லாவரம் பஸ் நிறுத்தத்தில் நான் நின்ற ஒரு சாயங்காலம், முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒரு வண்டி நின்னா ஊரே நடக்குது பாரு." உண்மையிலேயே நடந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள், குரோம்பேட்டை வரை, சாலையோரமாக.

பாதைகள் கலக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 ஜூலை 24ஆம் தேதி காலை உயரழுத்தக் கம்பியில் ஏற்பட்ட கோளாறால் புறநகர் வண்டி ஒன்றை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டித் தடுப்புச்சுவர் இருந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி உயிரிழந்தார்கள். எல்லோரும் வேலைக்கோ படிப்புக்கோ போய்க்கொண்டிருந்தவர்கள். தினமும் போகும் பாதையில் சுவர் எங்கே இருக்கிறது என்பது படியில் நிற்பவரின் உடம்புக்கே பழகியிருக்கும். பாதை மாறினால் அந்தப் பழக்கம் உதவாது. வண்டி எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள் என்று தெரிந்த பையன்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

தாம்பரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லோக்கல் டிக்கெட்டின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தால் தானியங்கி மெஷினிலோ செல்போன் செயலியிலோ எடுத்துக்கொள்ளலாம். தினமும் போகிறவர்களுக்கு மாத சீசன், மூன்று மாத சீசன் இருக்கின்றன. பெண்களுக்குத் தனிப் பெட்டி, முதல் வகுப்பு, கூடை மூட்டையோடு ஏறும் வியாபாரிகளுக்குத் தனிப் பெட்டி எல்லாம் உண்டு. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் ஏ.சி. வண்டியும் ஓடுகிறது. அதற்குக் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, கொஞ்சம் முன்கூட்டியே கிளம்புங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. எழும்பூருக்குப் போக வேண்டிய ஒருவர் லோக்கல் டிக்கெட் எடுத்துவிட்டுப் பிளாட்ஃபாரத்தில் நிற்பார். எதிரே எழும்பூர் போகும் எக்ஸ்பிரஸ் காலியாக வந்து நிற்கும். அதே பாதை, அதே ஊர்தானே என்று ஏறிவிடுவார். லோக்கல் டிக்கெட் எக்ஸ்பிரஸ் வண்டியில் செல்லாது. பரிசோதகர் வந்தால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதோடு கட்டணமும். ஊரிலிருந்து வந்த வயதானவர்கள் இப்படி மாட்டிக்கொண்டு பையைத் துழாவுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் ஒரு வார்த்தை சொன்னால் தவிர்த்துவிடலாம். எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி லோக்கலுக்கு மாறுகிறவர்கள், தங்கள் பயணச்சீட்டு தாம்பரம் வரைதானா, எழும்பூர் வரையா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்டேஷனின் கிழக்கும் மேற்கும் கிட்டத்தட்ட இரண்டு ஊர்கள். மேற்கே இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலை, முடிச்சூர்ப் பக்கம். கிழக்கே சேலையூர், வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம். தப்பான பக்கத்தில் இறங்கிவிட்டால் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதை விட மேம்பாலத்தில் திரும்ப நடப்பது எளிது. ரயிலே ஏறாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்காக மட்டும் பாலத்தைப் பயன்படுத்துகிறவர்களும் ஏராளம். பள்ளிப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு வீட்டுக்காரர்கள். பாலத்தில் நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம். ஊரை இரண்டாகப் பிளந்த பாதையைக் கடக்க அந்த ஊருக்கே இன்னும் போதுமான வழிகள் கிடைக்கவில்லை என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது எல்லை இன்னும் தெற்கே நகர்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே அதற்கென்று ஒரு ரயில் நிலையமும் திட்டமிட்டுக் கட்டும் வேலை நடந்தது. விமான நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை மெட்ரோ என்ற திட்டமும் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் கட்டைப்பையோடு தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போய் பஸ் ஏறுகிறார்கள். 1931இல் எங்கே எல்லாம் முடிந்ததோ அந்த இடம் இப்போது பாதி வழி.

காலை 6 மணிக்குள் நெல்லை வண்டிக் கூட்டம் மெல்லக் கரைந்துவிடும். கடற்கரை வண்டி வந்து நிற்கும். மூட்டைகள் ஏறும், பிள்ளைகள் ஜன்னலோரம் தேடும். மோட்டார்மேன் பையை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடக்கத் தொடங்கியிருப்பார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஏறிவிடலாம், ஓட வேண்டாம்.